விளக்கு வைத்த பிறகு கணக்குப் பார்க்காதீர்கள்

கடந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காசைப் பற்றியவை. காசைப் பெருக்குவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. நித்திரை வரவில்லை, தொலைபேசி அடித்தால் நெஞ்சு படபடக்கிறது, தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் குசினிக்குள் போய்விடுகிறேன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல. திருகோணமலை நகரில் ஒரு வங்கியின் அடகுப் பிரிவில் 31 வருடம் இருந்துவிட்டு, 2022இல் ஓய்வு பெற்று, இப்போது உவர்மலையில் மான்கள் தின்று மிச்சம் வைக்கும் செவ்வரத்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பவள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து நான் பார்த்ததைக் கொண்டு பதில் சொல்கிறேன். நான்கு கடிதங்களுக்குத்தான் இடம் இருக்கிறது.

கேள்வி: அன்ரி, எனக்கு வயது 34. முன்பள்ளி ஆசிரியை. கணவர் நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறார். மே முதல் செப்டெம்பர் வரை சேவைக் கட்டணமும் சேர்ந்து மாதம் 95,000 ரூபாய் வரை கொண்டு வருவார். மற்ற மாதங்களில் 40,000தான். என் சம்பளம் பஸ்ஸுக்கும் பிள்ளையின் கொப்பிகளுக்கும் சரி. மோட்டார் சைக்கிள் லீசிங் மாதம் 14,200. 2021இல் என் காப்புச் சோடியையும் சங்கிலியையும் அடகு வைத்தோம். வருடா வருடம் வட்டி கட்டிப் புதுப்பித்து வந்தேன். இந்த வருடம் வங்கியிலிருந்து வந்த கடிதங்களைத் திறக்கவில்லை. ஏழு உறைகள் மாப்பேணிக்குப் பின்னால் கிடக்கின்றன. போதாததற்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒருவரிடம் 50,000 ரூபாய் பத்து வட்டிக்கு வாங்கினேன். எட்டு மாதமாக மாதம் 5,000 கொடுக்கிறேன். இது கணவருக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. விடியும்வரை மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டே கிடக்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு வேறு விடை வருகிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, அன்புவழிபுரம்

பதில்: பிள்ளை, முதலில் அந்த ஏழு உறைகள். இதழ் கையில் கிடைத்த அன்றே, பகல் வெளிச்சத்தில், மேசையில் வைத்து, கத்தரிக்கோலால் ஏழையும் வரிசையாக வெட்டுங்கள். வெட்டும்போது வாசிக்க வேண்டாம். எல்லாவற்றையும் வெட்டி முடித்த பிறகு, திகதி ஒழுங்கில் அடுக்கிவிட்டு, கடைசியாக வந்ததை மட்டும் வாசியுங்கள். மற்ற ஆறிலும் பெரும்பாலும் அதே விஷயம்தான் இருக்கும். எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்படிப்பட்ட கடிதங்களை வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் உறையில் போட்டு ஒட்டிய கை இது. கணினி அச்சடிக்கும் கடிதம். அடகு இலக்கம், தொகை, திகதி, அவ்வளவுதான். அனுப்புகிறவருக்கு உங்கள் மீது கோபமும் இல்லை, உங்கள் முகமும் தெரியாது. நாங்கள் உறை ஒட்டும்போது இரவுச் சமையலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். தவணை முடிந்த நகையை அறிவித்தல் கொடுத்துவிட்டு ஏலத்தில் விடுவார்கள். அந்த அறிவித்தல் இந்த ஏழில் ஒன்றாக இருக்கலாம். ஆகவே வாசித்த மறுநாள் காலையிலேயே வங்கிக்குப் போங்கள். பத்து மணிக்கு முன் போனால் கூட்டம் குறைவு. சேர்ந்த வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம், அசல் தொகையில் ஒரு பகுதியையும் குறைக்கலாம். ஏலத்துக்கு முன் வருகிறவரைத் திருப்பி அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. ஏலம் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்து, கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் ஒரு மாப்பேணி இருந்திருக்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மூதூரிலிருந்து கொட்டியாரக் குடாவைக் கடந்து லாஞ்சில்தான் ஆட்கள் வருவார்கள். அப்படி வரும் ஓர் அம்மா இருந்தார். விதவை, நான்கு பிள்ளைகள். பால்மாப் பேணி ஒன்றில் பதினொரு அடகுச் சீட்டுகள் வைத்திருந்தார். ஒரே நகையல்ல, பதினொரு நகை. தோட்டுச் சுரை வரைக்கும் எங்களிடம்தான் இருந்தது. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் சிவப்புப் பேனாவால் ஒரு திகதி எழுதியிருப்பார். அது எங்கள் திகதி அல்ல, எங்கள் திகதிக்கு ஐந்து நாள் முந்தியது. கடல் கொந்தளித்தால் லாஞ்ச் ஓடாது, அதற்காகத்தான் அந்த ஐந்து நாள் என்று சொன்னார். அந்த நாளில் வருவார், சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை எண்ணி வட்டியைக் கட்டுவார், சீட்டை மடித்துப் பேணியில் போடுவார், ஒரு றாத்தல் பாண் வாங்கிக்கொண்டு இறங்குதுறைக்குப் போவார். அவரிடம் ஒரு நாளும் நடுக்கத்தை நான் பார்க்கவில்லை. அவரைவிட எவ்வளவோ வசதியானவர்கள் ஒரேயொரு சீட்டுடன் வந்து வேர்த்துக் கொட்டியிருக்கிறார்கள்.

இனி உங்கள் இரண்டு மணி. என் அம்மா விளக்கு வைத்த பிறகு காசு, உப்பு, ஊசி மூன்றையும் வாசல் தாண்ட விடமாட்டார். பக்கத்து வீட்டு மாமி கைமாற்றுக் கேட்டாலும் "விடியட்டும்" என்பார். லட்சுமி போய்விடுவாள் என்பது அவர் சொன்ன காரணம். எனக்கு வேறு காரணம் தெரிகிறது. இருட்டில் எந்த வங்கியும் திறந்திருப்பதில்லை, எந்தக் கடைக்காரரிடமும் தவணை கேட்க முடியாது, ஒரு தொகையும் ஒரு சதம்கூடக் குறையப் போவதில்லை. செய்ய முடியாத நேரத்தில் நினைத்து என்ன பயன்? ஆகவே உங்கள் வீட்டிலும் அந்த வழக்கத்தைக் கொண்டு வாருங்கள். விளக்கு வைத்த பிறகு காசுக் கதை இல்லை. கணவருடனும் இல்லை, உங்களுடனும் இல்லை. இரண்டு மணிக்கு விழித்தால் எழுந்து தண்ணீர் குடியுங்கள். நெஞ்சை உறுத்துவதை ஒரு துண்டில் ஒரே வரியில் எழுதி அந்த மாப்பேணிக்குள் போட்டுவிட்டுப் படுங்கள். முதல் இரண்டு கிழமை படுத்தாலும் நித்திரை வராது. போகப் போக வரும். எனக்கு வந்தது.

அந்தத் துண்டுகளைப் பார்க்க ஒரு நேரம் வேண்டும் அல்லவா? முன்பள்ளி முடிந்து மதியம் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். புதன்கிழமை மூன்று மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பேனா, ஒரு தேநீர், அரை மணித்தியாலம். கொப்பியில் நான்கு கோடு கிழித்து, யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதி என்று எழுதுங்கள். நான்காவது கட்டத்தில், தவறினால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். இதுதான் முக்கியம். லீசிங் தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அடகு தவறினால் ஏலம், ஆனால் அதற்கு முன் அறிவித்தல் வரும். சில்லறைக் கடைப் பாக்கி தவறினால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், அவ்வளவுதான். இரவு இரண்டு மணிக்கு இவை எல்லாம் ஒரே அளவு பூதமாகத் தெரியும். கொப்பியில் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது கடைக்காரரின் முகம் எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிடும்.

அந்தக் கொப்பியில் பத்து வட்டிக்காரரை எல்லோருக்கும் மேலே எழுதுங்கள். வங்கி வட்டியை வருடத்துக்குச் சொல்கிறது, அவர் மாதத்துக்குச் சொல்கிறார். பத்து என்று காதில் விழுந்தால் சின்னதாகத்தான் இருக்கும். வருடத்துக்கு 120 வீதம் அது. எட்டு மாதத்தில் 40,000 கொடுத்திருக்கிறீர்கள், 50,000 அப்படியே நிற்கிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் வாங்கிய அளவு காசை வட்டியாகவே கொடுத்திருப்பீர்கள். 2021இல் நீங்கள் நகை வைத்தபோது இருந்த பவுண் விலைக்கு இன்று இரண்டு மடங்குக்கு மேல். வங்கியில் கேட்டால் அதே நகைக்கு மேலதிகமாகக் காசு தருவார்கள். அல்லது காப்புகளை மீட்டு ஒன்றை விற்றுவிடுங்கள். இரண்டில் எது என்றாலும் இந்த மாதமே பத்து வட்டியை முடியுங்கள். ஒற்றைக் காப்புடன் கோயிலுக்குப் போனால் பத்திரகாளி ஏன் என்று கேட்கப் போவதில்லை. கேட்கிறவர்கள் கேட்கட்டும்.

கணவரிடம் சொல்லத்தான் வேண்டும். புதன்கிழமை அவருக்கு வேலை என்றால், அவர் வீட்டில் நிற்கிற ஒரு பகல் நேரத்தில் கொப்பியுடன் சொல்லுங்கள். தொகையை முதலில், காரணத்தைப் பிறகு. காரணத்தில் தொடங்கினால், எவ்வளவோ ஏதோ என்று அவர் மனம் லட்சங்களில் ஓடும். "ஐம்பதாயிரம்" என்று கேட்டவுடன் கோபம் வந்தாலும் அதற்கு ஓர் அளவு இருக்கும்.

இன்னொன்று. உங்கள் வீட்டில் ஐந்து மாதம் பெருநாள், ஏழு மாதம் விரதம். 95,000இல் ஐந்தும் 40,000இல் ஏழும் கூட்டினால் வருடத்துக்கு 755,000. பன்னிரண்டால் பிரித்தால் மாதம் 62,000க்குக் கொஞ்சம் மேல். ஆகவே சீசன் மாதங்களிலும் சம்பளம் 62,000 என்றே வைத்துக்கொண்டு, மீதி 33,000ஐ அட்டை இல்லாத, புத்தகம் மட்டும் உள்ள ஒரு கணக்கில் போடுங்கள். ஒக்டோபரில் தொடங்கி மாதம் 22,000 எடுங்கள். ஏழு மாதத்துக்கு 154,000 போக 11,000 மிஞ்சும். இப்போது மழைக் காலத்தில் லீசிங்கும் வட்டியும் போக உங்கள் கையில் நிற்பது 20,800. இப்படிச் செய்தால், பத்து வட்டியும் ஒழிந்த பிறகு, 47,800. சீசன் கெட்டால் இந்தக் கணக்கும் கெடும், தெரியும். 2019இலும் அதற்கு அடுத்த வருடங்களிலும் நிலாவெளிக் கடற்கரை வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்தவர்கள்தானே நாம். அதற்காகத்தான் அந்த 11,000ஐத் தொடாமல் விடச் சொல்கிறேன்.

கடைசியாக, இவ்வளவும் செய்தும் ஒரு மாதத்துக்கு மேல் நெஞ்சு படபடத்தால் அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். கடனுக்காக உயிரை விடலாம் என்ற நினைப்பு ஒரு தரம் வந்தால்கூட 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அந்த அழைப்பை மட்டும் விளக்கு வைத்த பிறகும், எந்த நேரத்திலும் எடுக்கலாம்.

கேள்வி: என் கணவர் சீனக்குடாவில் ஒரு தொழிற்சாலையில் 29 வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். சேமலாப நிதியும் மற்றதும் சேர்த்து 24 லட்சத்தை ஒரே நிதி நிறுவனத்தில் வட்டி கூட என்று நிலையான வைப்பில் போட்டிருக்கிறார். கடன் இல்லை. ஆனால் 2022க்குப் பிறகு ஆள் மாறிவிட்டார். நான் இருக்கும் அறையிலேயே மின்விசிறியை நிறுத்துகிறார். மீன் வாங்குவதில்லை. கருவாடு கூட ஞாயிறு மட்டும். தேங்காய்ப்பூவை இரண்டு நாள் பிழியச் சொல்கிறார். கேட்டால் "திரும்பவும் அப்படி வந்தால்?" என்கிறார்.
— ஒரு மனைவி, பாலையூற்று

பதில்: உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. 2022 செப்டெம்பரில் விலைவாசி முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 70 வீதம் ஏறி நின்றது. 29 வருடம் உழைத்துச் சேர்த்ததன் பெறுமதி கண்முன்னே கரைந்ததைப் பார்த்தவர் அவர். அந்த வருடம் ஓய்வு பெற்றவள் நானும். சில நாட்களில் வெறும் சோற்றையும் சம்பலையும் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய கெட்டித்தனம் செய்ததைப் போல் இருந்திருக்கிறேன். அவருடைய பயம் பொய் இல்லை. அது மின்விசிறியில் போய் உட்கார்ந்திருப்பதுதான் பிழை.

அவர் உண்மையில் பார்க்க வேண்டிய இடம் அந்த 24 லட்சம். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ், ஒரு நிறுவனம் விழுந்தால் ஒரு வைப்பாளருக்கு அங்கே 11 லட்சம் வரைதான் காப்புறுதி. மீதி 13 லட்சத்துக்கு அவர் நித்திரை கொள்ளாமல் இருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வைப்பை இடையில் உடைத்தால் வட்டி குறையும். முதிர்வுத் திகதி வரட்டும். வந்ததும் மூன்று இடங்களில் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் 11 லட்சத்துக்குள் நிற்க வேண்டும், சேரும் வட்டியையும் எண்ணிக்கொண்டு. அதில் ஒன்றாவது அரச வங்கியாக இருக்கட்டும், வட்டி குறைந்தாலும் பரவாயில்லை. இதைச் சொன்னால் ஒரு மாதத்துக்கு வேலை கிடைத்ததுபோல் ஓடித் திரிவார், பாருங்கள்.

மீன் விஷயத்துக்கு ஒரு மருந்து உண்டு. கிழமைக்கு 2,000 ரூபாய் அவர் கையில் கொடுங்கள். நிபந்தனை ஒன்றுதான்: ஞாயிறு காலை மீன் சந்தைக்குப் போய் அதை முழுதாகச் செலவழித்துவிட்டு வர வேண்டும். மிச்சம் கொண்டு வந்தால் அடுத்த கிழமை அந்த மிச்சத்தையும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். மலிவாகப் பேசி வாங்குகிற சந்தோஷத்தை அவரிடமிருந்து பிடுங்காதீர்கள். சூரை இருக்கிற நாளில் பாரை கேட்காதீர்கள். என் வீட்டுக்காரருக்கு இந்த முறையைப் பிடித்து வைத்தேன். மூன்றாவது கிழமை கணவாய் கொண்டு வந்தார், முகத்தில் கள்ளச் சிரிப்புடன். தேங்காய்ப்பூவை மட்டும் நீங்களே முடிவு செய்யுங்கள். குசினிக்குள் அவருக்கு என்ன வேலை?

கேள்வி: மதிப்புக்குரிய அம்மா, எங்கள் நானா கத்தாரில் வேலை செய்கிறார். மாதம் 1,500 ரியால் எனக்கு அனுப்புவார், வீட்டுச் செலவு என் பொறுப்பு. நாணய மாற்று விகிதத்தைக் கைத்தொலைபேசியில் நாளுக்கு இருபது தடவை பார்க்கிறேன். இன்று மாற்றியிருக்க வேண்டும், நாளை மாற்றியிருக்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்கிறது. தொழுகையிலும் அதே நினைப்பு.
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: தம்பி, 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அப்படி ஒரு காலத்தைக் கண்ட கண், பார்க்காமல் இருக்காது. ஆனால் இன்றைய கணக்கைப் போட்டுப் பாருங்கள். கத்தார் ரியால் டொலருடன் கட்டப்பட்டது, ஒரு டொலருக்கு 3.64 ரியால். உங்கள் 1,500 ரியால் ஏறக்குறைய 412 டொலர். டொலர் ஒரு ரூபாய் ஏறினாலும் இறங்கினாலும் உங்களுக்கு வித்தியாசம் 412 ரூபாய். ஐம்பது சதம் என்றால் 206. இருபது தடவை தொலைபேசியைத் திறக்கும் டேற்றாவுக்கும் கண்ணெரிவுக்கும் அது காணாது. மாதத்தில் ஒரு திகதியை நானாவுடன் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அன்று என்ன விலையோ அதற்கு மாற்றிவிட்டு, அடுத்த மாதம் வரை பார்க்காதீர்கள். ஒரு மாதம் நட்டம் வரும், ஒரு மாதம் லாபம் வரும். அந்தச் செயலியை முதல் திரையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஐந்து வேளை நேரம் குறித்து வாழ்ந்து பழக்கம் இருக்கிறது. இதற்கும் ஒரு நேரம் குறிப்பது கடினமாக இராது.

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் நண்பர் வங்கிக் கடனுக்குப் பிணை வைக்கக் கேட்கிறார். நல்லவர். மறுத்தால் மனம் நோவார். படிவம் மூன்று நாளாக என் லாச்சியில் கிடக்கிறது. நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.
— ஓர் எழுதுவினைஞர், திருகோணமலை

பதில்: வைக்காதீர்கள்.

இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை என்றாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் வைத்தேன். வங்கியில் வேலை செய்துகொண்டே, எல்லாம் தெரிந்துகொண்டே வைத்தேன். கூட வேலை செய்தவர், நல்லவர், என் மகளின் சாமத்தியச் சடங்குக்கு முதல் ஆளாக வந்து பந்தல் கட்டியவர். இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு வீட்டில் வருத்தம், வைத்தியச் செலவு, பிறகு ஆள் வேறு ஊருக்குப் போய்விட்டார். முதல் கடிதம் எனக்கு வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் கடிதம் ஒட்டியவள், என் பெயருக்கு வந்ததை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். நான்கு மாதம். அந்தச் சேலை அடுக்கைக் கடந்து போகும்போதெல்லாம் நெஞ்சு இடித்தது. மேலே அன்புவழிபுரத்துப் பிள்ளைக்கு அவ்வளவு நீளமாக எழுதியதற்குக் காரணம் இதுதான்.

பிணை வைப்பவர் சாட்சி அல்ல. கடன்காரர் கட்டாவிட்டால் கட்ட வேண்டியவர். கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், நாம் "கிரிப்" என்று சொல்கிறோமே, அதில் நீங்கள் வைத்த பிணையும் வரும். நாளை நீங்கள் வீட்டுக்கடன் கேட்கப் போனால் அதிகாரி அதைப் பார்ப்பார். நான் 26 மாதம் கட்டினேன். மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த காசு அது.

நண்பரிடம் நேரில் சொல்லுங்கள், தொலைபேசியில் வேண்டாம். "வீட்டில் பேசி முடிவெடுத்தோம், பிணை வைப்பதில்லை" என்றால் போதும். விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் அவர் ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஒரு வழி சொல்வார். கொடுக்க முடிந்த ஒரு தொகை உங்களிடம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் நித்திரை கெடாத தொகை, அதைக் கைமாற்றாகக் கொடுங்கள். படிவத்தை இன்று பின்னேரத்துக்குள் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு இரவு அது லாச்சியில் கிடக்க வேண்டாம்.

அடுத்த இதழுக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "பெரிய கடன்", "நிறைய வட்டி" என்று எழுதாதீர்கள். தொகையையும் திகதியையும் எழுதுங்கள். பெயர் வேண்டாம்.